மறதியா, மறதிநோயா? பெரியவர்களுக்கான அறிதிறன் பரிசோதனை: முழுமையான வழிகாட்டி

ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர், வயது 72. நினைவாற்றல் பரிசோதனையில் 30க்கு 28 வாங்கிவிட்டார். குடும்பத்தில் எல்லோருக்கும் நிம்மதி, மகளைத் தவிர. "அப்பா நீளமான கூட்டலைக்கூட மனத்திலேயே போட்டுவிடுவார். இப்போது வங்கிப் படிவம் ஒன்றை நிரப்ப ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது" என்றாள். இன்னொருவர், பள்ளிக்கூடப் படியே ஏறாத ஒரு மூதாட்டி. அதே பரிசோதனையில் அவருக்கு 19. மகன் அன்றே மனம் உடைந்துபோனான். அந்த அம்மாளோ பேரப்பிள்ளைகள் அத்தனை பேரின் வயதையும், யார் யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்திருக்கிறார் என்பதையும் விரல்நுனியில் வைத்திருந்தார்.

பரிசோதனை அறையில் இந்த இருவரின் சாயலில் பலரைப் பார்த்திருக்கிறேன். முதலாமவருக்குத்தான் மேற்கொண்டு ஆராய வேண்டும். இரண்டாமவருக்கு வேறொரு பரிசோதனை போதும். இரண்டு குடும்பங்களும் செய்தது ஒரே தவறு: எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். நினைவு, கவனம், சிந்தனை ஆகியவற்றை அளக்கும் அறிதிறன் பரிசோதனை ஒருவரின் இன்றைய நிலையைக் காட்டும். டிமென்ஷியா எனப்படும் மறதிநோயோ, அவர் முன்பு இருந்த நிலையிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறார் என்பதில் இருக்கிறது. அந்த 'முன்பு' பரிசோதனைத் தாளில் கிடையாது. கூடவே வாழ்ந்தவர்களிடம்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த வழிகாட்டியை மருத்துவருக்காக எழுதாமல், பெரியவரை அழைத்துச் செல்லும் மகனுக்கும் மகளுக்கும் துணைவருக்கும் எழுதுகிறேன்.

முதல் படி: பரிசோதனை தேவைதானா?

தெரிந்தவரின் பெயர் தொண்டைவரை வந்து நின்றுவிடுவது, கண்ணாடியை வைத்த இடம் தெரியாமல் தேடுவது, அறைக்குள் நுழைந்தபின் எதற்கு வந்தோம் என்று யோசிப்பது: இவை வயதோடு வருபவை. சிறிது நேரம் கழித்துப் பெயர் நினைவுக்கு வந்துவிடும். வந்த வழியே திரும்பி நடந்தால் கண்ணாடி கிடைத்துவிடும்.

கவலைப்பட வேண்டியவை வேறு வகை. பதில் சொல்லிப் பத்து நிமிடத்தில் அதே கேள்வி, முதல்முறை கேட்பதைப் போன்ற முகத்தோடு. நாற்பது ஆண்டாகச் சமைத்த உணவில் நடுவில் ஒரு கட்டம் விட்டுப்போவது. பழகிய பாதையில் வழி தவறுவது. ஒரே கட்டணத்தை இருமுறை செலுத்துவது. வைத்த இடம் மறந்துபோய், யாரோ திருடிவிட்டார்கள் என்று வீட்டில் இருப்பவர்களைக் குற்றம் சாட்டுவது. இவற்றில் ஒன்று ஒருநாள் நடந்தால் அது சம்பவம். மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப நடந்தால் பரிசோதிக்க வேண்டும்.

யார் கவலைப்படுகிறார்கள் என்பதையும் பாருங்கள். தன் மறதிகளைத் தானே தேதிவாரியாகப் பட்டியலிட்டு வருந்துகிறவருக்குப் பெரும்பாலும் பதற்றமோ மனச்சோர்வோ இருக்கும். வீடே கவலைப்படும்போது "எனக்கு ஒன்றுமில்லை, இவர்கள்தான் பெரிதுபடுத்துகிறார்கள்" என்று சிரித்து மழுப்புகிறவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். இது விதியன்று, என் அனுபவத்தில் பலமுறை பொருந்திய குறிப்பு.

மறதிநோய் என்ற பெயரே சில நேரம் நம்மைத் தவறான இடத்தில் தேட வைத்துவிடுகிறது. எல்லா வகையும் மறதியில் தொடங்குவதில்லை. மூளையின் முன்பகுதியும் பக்கவாட்டுப் பகுதியும் தேயும் வகையில் முதலில் மாறுவது குணம். நிதானமானவர் கூச்சமின்றிப் பேசத் தொடங்குவார், பாசமானவர் யார் அழுதாலும் கண்டுகொள்ளமாட்டார். லூயி உடல் மறதிநோயில் இல்லாத ஆட்களும் விலங்குகளும் கண்ணுக்குத் தெரியலாம். தெளிவும் குழப்பமும் நாளுக்கு நாள் மாறி மாறி வரும். உறக்கத்தில் கனவுக்கு ஏற்பக் கைகால் வீசுவது பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்கலாம். இவர்களுக்கு நினைவுக் கேள்விகளில் நல்ல மதிப்பெண் வந்தாலும் ஏமாந்துவிடக் கூடாது.

எந்த அறிகுறியும் இல்லாத முதியவர்கள் அனைவரையும் வரிசையில் நிறுத்திச் சோதிக்கலாமா? அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2020இல் இதை ஆராய்ந்து, அப்படிச் செய்வதால் நன்மை அதிகமா, தீமை அதிகமா என்று முடிவுசெய்யப் போதிய சான்று இல்லை என்றது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஏன் என்பதை ஆறாம் படியில் உள்ள கணக்கு காட்டும். ஆனால் சந்தேகம் எழுந்தபின் "வயதானால் அப்படித்தான்" என்று இரண்டு ஆண்டு தள்ளிப்போடுவதற்கு இந்த வாசகத்தைச் சாக்காக்க வேண்டாம்.

இரண்டாம் படி: சாட்சியத்தைத் திரட்டுங்கள்

குடும்பங்கள் பெரும்பாலும் தாண்டிக் குதித்துவிடும் படி இது. இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து இரண்டு வாரம் எழுதுங்கள். "மறதி அதிகம்" என்று எழுதுவதால் மருத்துவருக்கு எந்தப் பயனும் இல்லை. "செவ்வாய்க்கிழமை காலை மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு அரை மணியில் மறுபடியும் கேட்டார். நான் காலி உறையைக் காட்டியும் நம்பவில்லை" என்று எழுதுங்கள். என்ன நடந்தது, எப்போது, குறிப்புக் கொடுத்ததும் நினைவு வந்ததா, இந்த வேலையை முன்பு எப்படிச் செய்தார்? இந்த நான்கும் இருந்தால் போதும். எப்போது தொடங்கியது, மெல்ல இறங்கியதா, படிக்கட்டுப்போலத் திடீர் திடீரென்று இறங்கியதா என்பதையும் குறியுங்கள். படிக்கட்டுப்போன்ற திடீர் இறக்கம் மூளையின் இரத்தக்குழாய்ப் பாதிப்பைச் சுட்டலாம்.

குடும்பத்தாரின் கவனிப்பை முறைப்படுத்தவே உருவான வினாத்தாள்களும் உண்டு. ஏடி8 என்பது செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2005இல் வெளியானது. எட்டே கேள்விகள்: முடிவெடுப்பதில் சிக்கல், ஈடுபாடுகளில் ஆர்வக் குறைவு, சொன்னதையே சொல்லுதல், புதிய கருவியைப் பழகத் திணறல், மாதமோ ஆண்டோ மறத்தல், சிக்கலான பணக் கணக்கில் தடுமாற்றம், சந்திப்புகளை நினைவில் வைக்க முடியாமை, நாள்தோறும் தொடரும் சிந்தனை அல்லது நினைவுப் பிரச்சினை. ஒவ்வொன்றுக்கும் கேட்பது "இது இருக்கிறதா" என்று அன்று; "சில ஆண்டுகளில் மாறியிருக்கிறதா" என்று. வாழ்நாள் முழுவதும் கணக்கில் மந்தமாக இருந்தவருக்கு அந்தக் கேள்வியில் புள்ளி விழாது. இரண்டோ அதற்கு மேலோ 'ஆம்' வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

1989இல் வெளியான ஐக்யூகோட் இன்னும் வெளிப்படையாகக் கேட்கிறது: பத்து ஆண்டுக்கு முன்பு இருந்ததோடு ஒப்பிட்டால் இவர் இப்போது எப்படி? முழு வடிவில் 26 கேள்விகள், சுருக்க வடிவில் 16. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. 3 என்றால் மாற்றமில்லை, 5 என்றால் மிகவும் மோசம். படிப்பறிவின் தாக்கம் இதில் குறைவு. ஆனால் நிரப்புகிறவரின் மனநிலை உள்ளே புகுந்துவிடும். இரவுபகலாகப் பார்த்துக்கொண்டு களைத்துப்போன மருமகள் எல்லாவற்றுக்கும் 5 போடுவார். ஆண்டுக்கொருமுறை வந்துபோகும் மகன் எல்லாவற்றுக்கும் 3 போடுவார். முடிந்தால் இருவர் தனித்தனியே நிரப்புங்கள். இருவர் தாள்களும் முரண்பட்டால் அந்த முரண்பாட்டையே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: சோதிக்கத் தகுந்த நாளா என்று பாருங்கள்

காது கேளாதவருக்கு ஐந்து சொற்களைச் சொல்லி, பிறகு திருப்பிச் சொல்லச் சொன்னால் நாம் சோதிப்பது காதை. செவிக்கருவி, கண்ணாடி இரண்டும் கையோடு வர வேண்டும், பேட்டரியும் வேலை செய்ய வேண்டும். காதுக் குறும்பியை எடுத்தபின் மதிப்பெண் ஏறிய கதைகள் இந்தத் துறையில் எல்லோரிடமும் இருக்கும்.

அடுத்து, திடீர்க் குழப்பநிலை. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று யாரையும் அடையாளம் காணவில்லை, பேச்சில் கோவையில்லை, ஒரு நேரம் தூங்கி வழிகிறார், ஒரு நேரம் கொந்தளிக்கிறார் என்றால் அது மறதிநோயின் வழக்கமான வருகை அன்று. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடலில் சோடியம் குறைவது, புதிய மருந்து, மலச்சிக்கல், அறுவைச் சிகிச்சை என எதுவும் காரணமாகலாம். இது அவசர மருத்துவம். நினைவுப் பரிசோதனைக்கு முன்பதிவு செய்து காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குழப்பம் முழுவதும் தெளிந்து சில வாரங்களுக்குப் பிறகே அறிதிறன் பரிசோதனைக்கு அர்த்தம் உண்டு.

மருந்துகளை ஒரு பையில் அள்ளிப்போட்டுக் கொண்டுபோங்கள், கடையில் சீட்டில்லாமல் வாங்கியவற்றையும் சேர்த்து. தூக்க மாத்திரைகள், பதற்றத்துக்குத் தரும் பென்சோடயசெபின் வகை, சளிக்கும் அரிப்புக்கும் தரும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள், சிறுநீர் அடங்காமைக்கான சில மருந்துகள், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின் போன்றவை முதியவரின் நினைவை மந்தமாக்கக்கூடியவை. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். சிலவற்றைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

மனச்சோர்வைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், அதுதான் மிகவும் தந்திரமானது. மறதிநோயைப் போலவே வேடமிடும், மறதிநோயின் முதல் அறிகுறியாகவும் வரும். கேள்விகளுக்கு முயலாமலே "தெரியவில்லை" என்று விட்டுவிடுகிறவர், துணையை இழந்து சில மாதங்களே ஆனவர், உணவிலும் உறக்கத்திலும் நாட்டம் குறைந்தவர் என்றால் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள். முதியோருக்கான 15 கேள்வி மனச்சோர்வு அளவுகோல் ஒன்று உண்டு, அதையும் சேர்த்தே செய்யச் சொல்லலாம்.

நான்காம் படி: எந்தப் பரிசோதனை, யாருக்கு?

இவை எல்லாமே சல்லடைகள். கண் பெரிதாக இருந்தால் நோயாளிகள் நழுவிப் போவார்கள். மிகச் சிறிதாக இருந்தால் நலமானவர்களும் சிக்குவார்கள்.

நேரமே இல்லாத இடத்தில் மினி-காக். 2000இல் வெளியானது, மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். மூன்று சொற்களைச் சொல்லி, ஒரு கடிகாரம் வரையச் செய்து, பிறகு அந்தச் சொற்களைக் கேட்பார்கள். சொல்லுக்கு ஒன்று வீதம் 3, கடிகாரத்துக்கு 2 அல்லது 0, மொத்தம் 5. மூன்றுக்குக் கீழ் என்றால் மேற்கொண்டு ஆராய வேண்டும். யாரும் நழுவிவிடக் கூடாது என்று நினைக்கும் மருத்துவர்கள் நான்குக்குக் கீழ் என்றாலே மேற்கொண்டு ஆராய்வார்கள்.

எம்.எம்.எஸ்.இ. 1975இல் ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மெக்ஹியூவும் வெளியிட்டது. மொத்தம் 30. காலம், இடம் பற்றிய கேள்விகளுக்கே 10 போய்விடும். மூன்று சொற்களைப் பதிவுசெய்ய 3, திருப்பிச் சொல்ல 3, கவனத்துக்கு 5, மொழிக்கும் ஒன்றையொன்று வெட்டும் ஐங்கோணங்களை வரைவதற்கும் 9. வழக்கமான எல்லை 24. அதற்குக் கீழ் என்றால் சந்தேகம். அரை நூற்றாண்டுப் பழக்கத்தால் எல்லா மருத்துவர்களுக்கும் இதன் மொழி தெரியும், அதுவே இதன் பெரும் பலம். பலவீனம், தொடக்க நிலையைப் பிடிக்காது. திட்டமிடல், மனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுதல் போன்ற செயலாண்மைத் திறன்களை இது தொடுவதே இல்லை. நம் கணக்காளர் 28 வாங்கியது இதில்தான்.

அந்த ஓட்டையை அடைக்க வந்தது மோக்கா. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் சியாத் நஸ்ரெதீன் உருவாக்கி, 2005இல் முதல் ஆய்வை வெளியிட்டார். இதற்கும் 30தான், நேரம் ஏறத்தாழ 10 நிமிடம். எண்ணையும் எழுத்தையும் மாறி மாறிக் கோட்டால் இணைப்பது, கனசதுரம், கடிகாரம், விலங்குகளின் பெயர், எண்களை முன்னும் பின்னும் சொல்வது, ஒரு நிமிடத்தில் ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்கள், இரண்டு பொருளுக்கு உள்ள ஒற்றுமை, ஐந்து சொற்களின் நினைவு. 26க்குக் கீழ் என்றால் இயல்புக்குக் குறைவு என்பது முதலில் வகுத்த எல்லை. முதல் ஆய்வில் லேசான அறிதிறன் குறைபாடு (திறன் குறைந்தும் மறதிநோய் அளவுக்கு எட்டாத நிலை) உள்ளவர்களில் 90 சதவீதத்தினரை மோக்கா கண்டுபிடித்தது, எம்.எம்.எஸ்.இ. கண்டுபிடித்தது 18 சதவீதம். ஆனால் நலமானவர்களும் 26 என்ற வேலியில் நிறையச் சிக்குகிறார்கள். 23ஐ எல்லையாக வைத்தால் வீண் அச்சம் குறையும் என்று 2018இல் ஒரு மீளாய்வு சொன்னது. ஒரே தாளுக்கு இரண்டு எல்லைகள் புழங்குவதால், உங்கள் மருத்துவர் எதை வைத்துப் பேசுகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளிப்படிப்பு இல்லாதவருக்கு மேற்கண்ட இரண்டுமே அநியாயம். பேனாவையே பிடிக்காத கைக்குக் கனசதுரம் வரைவது மூளைச் சோதனை ஆகாது. ஆஸ்திரேலியாவில் உருவாகி 2004இல் வெளியான ருடாஸ், பல மொழி, பல பண்பாட்டு மக்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. நான்கு பொருள்கள் கொண்ட கடைப் பட்டியலை நினைவில் வைப்பது, வலது, இடது உடலுறுப்புகளைக் காட்டுவது, இரண்டு கைகளை மாறி மாறி மடக்கி விரிப்பது, நெரிசலான சாலையை எப்படிப் பாதுகாப்பாகக் கடப்பீர்கள் என்று சொல்வது, ஒரு நிமிடத்தில் விலங்குகளின் பெயர் சொல்வது. இதிலும் ஒரு கனசதுரம் உண்டு, ஆனால் சுமை குறைவு. 30க்கு 22 அல்லது கீழே என்றால் மேலாய்வு. அந்த மூதாட்டிக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

நேரமும் பயிற்சி பெற்ற ஆளும் இருந்தால் ஏஸ்-3. மொத்தம் 100: கவனம் 18, நினைவு 26, சொல்வளம் 14, மொழி 26, காட்சி-இடவறிவு 16. எந்தத் திறன் எவ்வளவு சரிந்திருக்கிறது என்று தனித்தனியே காட்டுவதால், எந்த வகை மறதிநோய் என்று ஊகிக்க உதவும்.

மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் ஒரு சொல்லைப் பின்னிருந்து எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். தமிழில் 'உலகம்' என்பதைத் திருப்பினால் மெய்யெழுத்தில் தொடங்க வேண்டிவரும், வாயில் நுழையாது. 'க'வில் தொடங்கும் சொற்கள் என்றால் 'கா', 'கி' சேருமா சேராதா என்று முன்பே முடிவுசெய்யாமல் எண்ணினால் மதிப்பெண் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே ஆங்கிலத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி மொழிபெயர்த்துக் கேட்பது பரிசோதனையே ஆகாது. பெரியவரின் தாய்மொழியில் முறையாகத் தகவமைத்து, அந்த மக்களிடம் சரிபார்த்த வடிவம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஐந்தாம் படி: அறைக்குள் நடப்பது

காலை நேரமாக இருக்கட்டும். உண்டு, உறங்கி, வழக்கமான மாத்திரையைச் சாப்பிட்டு வரட்டும். பரிசோதனையை வீட்டில் ஒத்திகை பார்க்காதீர்கள். அன்பினால்தான் செய்கிறார்கள், ஆனால் கேள்விகளைப் பழகிவிட்டால் மதிப்பெண் ஏறும். நோய் அப்படியேதான் இருக்கும். இதனால்தான் மோக்காவுக்குச் சொற்களும் படங்களும் மாற்றிய வேறு வடிவங்கள் உண்டு. நினைவில் வைக்கச் சொல்லும் சொற்களை இங்கே நான் எழுதாததும் அதே காரணத்தால்தான்.

உள்ளே நீங்கள் அமர நேர்ந்தால் பெரியவருக்குப் பின்பக்கம் அமருங்கள். பதில் தெரியாதபோது அவர் உங்கள் பக்கம் தலையைத் திருப்புவார். அந்தத் திரும்பலே மருத்துவருக்கு ஒரு தகவல். உதடசைத்து உதவாதீர்கள். "இதுகூடத் தெரியாதா அப்பா?" என்று கேட்டுவிட்டால் அன்றைய பரிசோதனை அத்தோடு முடிந்தது.

கடிகாரம் வரைவதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு வட்டம், அதில் எண்கள், பிறகு பதினொன்று பத்து மணியைக் காட்டும் முட்கள். கேட்கும்போது குழந்தை விளையாட்டு. செய்யும்போது மூளையின் பாதி வேலைக்கு வருகிறது. எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் அடைத்துவிட்டு மறுபக்கத்தை வெறுமையாக விட்டால் இடவறிவிலோ திட்டமிடலிலோ சிக்கல். பன்னிரண்டைத் தாண்டிப் பதின்மூன்று, பதினான்கு என்று எழுதிக்கொண்டே போனால் நிறுத்த வேண்டிய இடத்தில் மனம் நிற்கவில்லை. எனக்கு எப்போதும் சுவாரசியமானது மூன்றாவது பிழை: ஒரு முள் பதினொன்றில், இன்னொன்று பத்தில். 'பத்து' என்ற சொல் காதில் விழுந்ததும் கை பத்தாம் எண்ணை நோக்கி ஓடிவிடுகிறது. நிமிடக் கணக்கில் பத்து என்றால் இரண்டாம் எண் என்று மாற்றி யோசிக்க, அந்த ஓட்டத்தைத் தடுக்க வேண்டும். தடுக்கும் வேலை மூளையின் முன்பகுதியுடையது. இந்த இழுப்புக்காகவே அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

சொற்களை நினைவுகூரும் பகுதியிலும் எண்ணிக்கையைவிடப் பிழையின் வகை முக்கியம். ஐந்தில் இரண்டுதான் வந்தது என்று வைத்துக்கொள்வோம். பரிசோதகர் மீதிச் சொற்களுக்குக் குறிப்புக் கொடுப்பார்: "அது உடலில் ஓர் உறுப்பு", "அது ஒரு நிறம்". குறிப்புக் கொடுத்ததும் சட்டென்று வந்துவிட்டால் சொல் உள்ளே இருக்கிறது, எடுக்கத்தான் சிரமம். மனச்சோர்விலும் இரத்தக்குழாய்ப் பாதிப்பிலும் பார்க்கின்சன் நோயிலும் இப்படி அமையலாம். குறிப்புக் கொடுத்தும், மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியும் வரவில்லை என்றால் சொல் உள்ளே பதியவே இல்லை. புதிய நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியை முதலில் தாக்கும் அல்சைமர் என்ற மறதிநோய் வகையின் சாயல் இது. குறிப்பால் வந்த சொற்களுக்கு மொத்த மதிப்பெண்ணில் இடமில்லை. அதனால் அறிக்கையில் அவை பல நேரம் காணாமல் போய்விடும். "குறிப்புக் கொடுத்தபின் எத்தனை வந்தது?" என்று கேட்டு வாங்குங்கள்.

ஆறாம் படி: மதிப்பெண்ணைப் படிக்கும் விதம்

கணக்கு ஒன்று போடுவோம். எண்கள் புரிவதற்காக நான் வைத்துக்கொள்பவை. 1000 முதியவர்களில் 50 பேருக்கு நோய் இருக்கிறது. பரிசோதனை நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தினரைப் பிடிக்கும், நலமானவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிடும். அருமையான பரிசோதனைதான். பிடிபடும் நோயாளிகள் 45 பேர். நலமான 950 பேரில் 10 சதவீதம், அதாவது 95 பேரும் பிடிபடுவார்கள். ஆக 'சந்தேகம்' என்று முத்திரை விழுந்த 140 பேரில் உண்மையில் நோயுள்ளவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதே பரிசோதனையை, குடும்பம் கவலைப்பட்டு அழைத்து வந்த, பாதிப் பேருக்கு நோயிருக்கும் 1000 பேரிடம் நடத்துங்கள்: 450 சரியான பிடிப்பு, 50 தவறான பிடிப்பு. தாளும் அதே, எல்லையும் அதே. உள்ளே வந்தவர்கள்தான் வேறு. இரண்டாம் படியில் எழுதிய நோட்டுப் புத்தகத்தின் மதிப்பு இங்கே தெரியும். அதுதான் ஒருவரை முதல் கூட்டத்திலிருந்து இரண்டாம் கூட்டத்துக்கு மாற்றுகிறது.

வயதும் படிப்பும் அடுத்தவை. 12 ஆண்டோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு மோக்காவில் ஒரு மதிப்பெண் கூட்டுவார்கள். இரண்டு ஆண்டு படித்தவருக்கும் பன்னிரண்டு ஆண்டு படித்தவருக்கும் அதே ஒன்றுதான் என்பதால் இந்தச் சலுகை போதவே போதாது. எதிர்ப்பக்கத்தில், நிறையப் படித்தவர்களின் மூளை இழப்பை நெடுநாள் மறைத்து ஈடுகட்டும். பேராசிரியர் ஒருவரின் 27, அவருடைய பழைய 30லிருந்து இறங்கியதாக இருக்கலாம். பழைய எண் இல்லாதபோது குடும்பத்தின் சாட்சியம்தான் பழைய எண்.

ஒன்றிரண்டு மதிப்பெண் ஏறி இறங்குவதில் பொருளில்லை. தூக்கம் கெட்ட இரவு ஒன்று போதும் அதற்கு. ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு இடைவெளியில், அதே பரிசோதனையை, முடிந்தால் வேறு வடிவத்தில், எடுத்து ஒப்பிட வேண்டும். இணையத்திலும் கைப்பேசியிலும் கிடைக்கும் 'மூளை வயது' சோதனைகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஏழாம் படி: சல்லடையில் சிக்கினால் அடுத்து என்ன?

முதலில் சரிசெய்யக்கூடியவற்றைத் தேட வேண்டும். இரத்தப் பரிசோதனையில் தைராய்டு, வைட்டமின் பி12, சர்க்கரை, சோடியம், கால்சியம், சிறுநீரகம், கல்லீரல், இரத்த அணுக்கள். தேவைப்பட்டால் சிஃபிலிஸ், எச்.ஐ.வி. பிறகு மூளை ஸ்கேன். சில வாரங்களுக்கு முன்பு தலையில் லேசாக இடித்துக்கொண்டதை எல்லோரும் மறந்திருப்பார்கள், மூளை உறைக்கு அடியில் மெல்ல இரத்தம் கட்டியிருக்கும். கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோன்ற நடை, அடக்க முடியாத சிறுநீர், மந்தமான சிந்தனை மூன்றும் சேர்ந்து வந்தால் மூளைநீர் தேங்கும் நோய் இருக்கலாம். இவ்விரண்டுக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு. உரக்கக் குறட்டை விட்டுப் பகலில் தூங்கி வழிகிறவருக்கு உறக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பார்ப்பதும் பயன் தரும்.

அவையெல்லாம் இல்லை என்றானபின் கேட்க வேண்டிய கேள்வி, அன்றாட வாழ்க்கையைத் தானே நடத்த முடிகிறதா என்பது. பணம், மருந்து, சமையல், பயணம், தொலைபேசி. மதிப்பெண் குறைந்தும் இவற்றைத் தானே சமாளிப்பவருக்கு லேசான அறிதிறன் குறைபாடு என்று பெயர். இவற்றுக்குப் பிறர் கை தேவைப்படத் தொடங்கியபின்தான் மறதிநோய். நினைவுச் சிகிச்சை மையங்களுக்கு வரும் லேசான குறைபாட்டுக்காரர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதத்தினர் மறதிநோய்க்கு நகர்கிறார்கள். சிலர் பல ஆண்டு அதே நிலையில் நிற்கிறார்கள், சிலர் இயல்புக்கே திரும்புகிறார்கள். இந்தப் பெயரைக் கேட்டதும் சொத்துப் பத்திரத்தைத் தேட வேண்டியதில்லை.

ஐயம் நீடித்தால் மருத்துவ உளவியலாளர் நடத்தும் சில மணி நேர விரிவான பரிசோதனை உண்டு. அல்சைமரின் புரதத் தடயங்களைத் தேட முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையும் பெட் ஸ்கேனும் உண்டு. இரத்தத்திலேயே அவற்றைக் காணும் பரிசோதனை ஒன்றுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் அனுமதி அளித்தது. அதுவும் அறிகுறி உள்ளவர்களுக்காக, நிபுணர் கையில் பயன்படுத்தத்தான். 2023இல் அதே நிர்வாகத்தின் முழு அனுமதி பெற்ற லெகானெமாப், 2024இல் பெற்ற டோனானெமாப் ஆகிய மருந்துகள் அல்சைமரின் தொடக்க நிலையில் மட்டும், சரிவின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கின்றன. மூளை வீக்கம், இரத்தக் கசிவு என்ற ஆபத்துகளும் அவற்றில் உண்டு. எல்லோருக்கும் ஏற்றவை அல்ல.

மருந்தைவிட உறுதியாகச் செய்யக்கூடியவை சில. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டு, அவை எல்லாவற்றையும் நீக்க முடிந்தால் கோட்பாட்டளவில் உலகின் மறதிநோயில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று மதிப்பிட்டது. செவித்திறன் குறைவு, உயர் இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, நீரிழிவு, புகை, தனிமை, சரிசெய்யாத பார்வைக் குறைவு எல்லாம் அதில் உண்டு. மூன்றாம் படியில் பரிசோதனைக்காக வாங்கிய செவிக்கருவியைப் பிறகு மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள்.

எட்டாம் படி: பெரியவரிடம் எப்படிச் சொல்வது?

"உங்களுக்கு மறதி, வாருங்கள் டாக்டரிடம்" என்றால் யாரும் வரமாட்டார்கள். "இரத்த அழுத்தத்தையும் காதையும் பார்க்கும்போது நினைவாற்றலையும் ஒருமுறை பார்த்துவிடலாம்" என்பது பொய்யும் இல்லை, காயமும் இல்லை. ஏமாற்றி அழைத்துப் போனவர்களை அறையில் பார்த்திருக்கிறேன். அவர்கள் எந்தக் கேள்விக்கும் முயல்வதில்லை.

முடிவு வந்தபின், அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு உங்களிடம் மட்டும் சொல்லுமாறு மருத்துவரைக் கேட்காதீர்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். தொடக்க நிலையில் இருப்பவருக்குத் தன் பணத்தை யார் பார்த்துக்கொள்ள வேண்டும், வண்டி ஓட்டுவதை எப்போது நிறுத்த வேண்டும், பின்னாளில் தன்னை எங்கே, யார் கவனிக்க வேண்டும் என்று சொல்லும் தெளிவு இன்னும் இருக்கும். சீக்கிரம் கண்டுபிடிப்பதால் கிடைக்கும் பெரிய பயன் அதுதான் என்பது என் எண்ணம். நம் கணக்காளர் அப்படித்தான் செய்தார். மறுமுறை மோக்காவில் 22 வந்தது. மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தன் கணக்குகள் அத்தனையையும் ஒரு நீண்ட நோட்டில் தானே எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் ஆனது. இரண்டு இடத்தில் கூட்டல் தவறியிருந்தது. மகள் அதைத் திருத்தவில்லை, பக்கத்தில் பென்சிலால் சிறு புள்ளி மட்டும் வைத்துக்கொண்டாள்.